பாமரருக்குப் படம் எடுத்த ஜெமினி வாசன்

கையில் இருந்த பணம் கரைந்துவிட்டது. சொத்துகள் அடமானத்தில் இருந்தன. படம் தொடங்கி ஆண்டுகள் பல ஆகியும் முடிந்தபாடில்லை. முதலில் டைரக்ட் செய்தவர் பாதியில் விலகிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் படத்தை மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அந்த மனிதர் அப்படிச் செய்யவில்லை. தாமே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை அவர் ஒரு படத்தைக்கூட டைரக்ட் செய்தது இல்லை!

அந்தப் படம் 'சந்திரலேகா'. அந்த மனிதர் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன்.

கலையா, வேடிக்கையா?

இன்று வெளிநாட்டிலிருந்து மாவீரன் படங்கள் வருகின்றன. வீரன் வானத்தில் பறக்கிறான். ஒரு கையால் ரயிலை நிறுத்துகிறான். கோடி கோடியாகச் செலவு. கோடி கோடியாக வசூல். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். பெரியவர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2019-ல் அமெரிக்க டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செசி, இவை சினிமாவே அல்ல, ராட்டினம் சுற்றும் பொருட்காட்சி போன்றவை என்ற கருத்தைச் சொன்னார். உலகம் முழுவதும் வாதம் எழுந்தது.

இந்த வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. வாசனின் படங்களைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பிரமாண்டமாக எடுத்தால் அது கலையா? அல்லது பணத்தைக் கொட்டிக் காட்டும் வேடிக்கையா? வாசனின் வாழ்க்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

தகப்பனை இழந்த பிள்ளை

தஞ்சை மாவட்டமாக இருந்த பகுதியில் திருத்துறைப்பூண்டி என்ற ஊர். இப்போது அது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பிறந்தவர் ஸ்ரீனிவாசன். சின்ன வயதிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மகனை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பையனால் படிப்பை முடிக்க முடியவில்லை. பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது.

விளம்பரம் சேகரித்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். அந்த வேலை அவருக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது. ஜனங்கள் எதை விரும்புகிறார்கள், எது அவர்கள் கண்ணை இழுக்கிறது என்பதே அந்தப் பாடம்.

'ஆனந்த விகடன்' என்ற பத்திரிகை தள்ளாடிக்கொண்டிருந்தது. 1928-ல் அதை 200 ரூபாய்க்கு வாங்கினார். கல்கி அதில் எழுதினார். தேவன் எழுதினார். மாலி படம் போட்டார். பத்திரிகை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்ரீனிவாசன் 'வாசன்' ஆனார்.

அவர் எழுதிய 'சதி லீலாவதி' கதை 1936-ல் படமாக வந்தது. எம். ஜி. ஆர். முதன்முதலில் நடித்த படம் அதுதான். அதிலிருந்து வாசனின் கவனம் சினிமாப் பக்கம் திரும்பியது.

டைரக்டர் கே. சுப்பிரமணியத்துக்குச் சென்னையில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அது தீப்பிடித்து எரிந்துபோனது. அந்த இடத்தை வாசன் வாங்கினார். அங்கே எழுந்ததுதான் ஜெமினி ஸ்டூடியோ. இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதும் சின்னம் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பழகிப் போயிற்று.

யாருக்காகப் படம்?

வாசன் படம் எடுத்தபோது யாரை மனத்தில் வைத்து எடுத்தார்? படித்த நாலு பேரை அல்ல. பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் தரை டிக்கெட் வாங்கி உட்காரும் ஜனங்களை.

உடையார்பாளையம் போன்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர். சுற்றிலும் முந்திரிக் காடு, வானம் பார்த்த பூமி, தறிச் சத்தம் கேட்கும் நெசவாளர் தெருக்கள். இப்படிப்பட்ட ஊர்ப்பக்கங்களுக்குச் சினிமா டெண்டுக் கொட்டகையில்தான் வந்தது. மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். கண்ணால் பார்த்தே கதையைப் புரிந்துகொண்டார்கள்.

அவர்களுக்குக் கலை தெரியாது என்று நினைத்தால் அது தப்பு. உடையார்பாளையத்திலிருந்து கிழக்கே, ஜெயங்கொண்டத்தைத் தாண்டிப் போனால் கங்கைகொண்ட சோழபுரம் வரும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் அங்கே நிற்கிறது. கோபுரம் சுமார் 180 அடி உயரம். தூரத்திலேயே கண்ணை இழுக்கும். ஆள் கிட்டே போனதும் அந்த உயரம் மறந்துபோகும். சுவரில் ஒரு சிற்பம். சிவபெருமான் தம் அடியார் சண்டேசருடைய தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். அந்த விரல்களின் பதம், குனிந்த தலையின் பணிவு எல்லாவற்றையும் கல்லிலே காட்டியிருக்கிறான் சிற்பி.

ஊர் ஜனங்களை வரவழைப்பது கோபுரத்தின் உயரம். அவர்களை அங்கேயே நிற்க வைப்பது சிற்பியின் உளி. இரண்டும் ஒரே கோயிலில்தான் இருக்கின்றன. பெரிதாக இருப்பதால் ஒன்று மட்டமாகிவிடாது. பெரிதாக இருப்பதாலேயே உயர்ந்ததாகியும் விடாது. இந்த அளவுகோலை வைத்தே வாசனின் படங்களையும் பார்க்க வேண்டும்.

பெயர் முதலில், கதை பிறகு

1943-ல் 'மங்கம்மா சபதம்' வெற்றி பெற்றது. அதற்கு முன் தெலுங்கில் வந்த 'பாலநாகம்மா'வும் நன்றாக ஓடியது. இரண்டிலும் பெண்ணே கதையின் தூண். அடுத்த படத்துக்கு 'சந்திரலேகா' என்று பெயர் வைத்து விளம்பரமும் கொடுத்துவிட்டார் வாசன். வேடிக்கை என்னவென்றால், அப்போது கதையே இல்லை!

ஜெமினியின் கதை இலாகாவினர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில ஆசிரியரின் நாவல் ஒன்றிலிருந்து ஒரு பொறி கிடைத்தது. அதை ஊதி ஊதிக் கதையாக்கினார்கள்.

ஓர் அரசனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீரசிம்மன் நல்லவன். இளையவன் சசாங்கன் பொல்லாதவன். ராஜ்யமும் தனக்கே வேண்டும், சந்திரலேகாவும் தனக்கே வேண்டும் என்கிறான். எம். கே. ராதா அண்ணனாகவும், ரஞ்சன் தம்பியாகவும் நடித்தார்கள். சந்திரலேகாவாக டி. ஆர். ராஜகுமாரி நடித்தார்.

கதை பாட்டி சொல்லும் கதைதான். அதில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குறை சொல்கிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அது நியாயமான குறைதான்.

படத்துக்காக நிஜமான சர்க்கஸ் கம்பெனிகளை வரவழைத்தார் வாசன். அரண்மனை செட்டுகள் எழுந்தன. செலவு 30 லட்சம் ரூபாய் என்று சொல்லப்பட்டது. சில லட்சங்களில் முழுப் படமும் எடுத்து முடித்த காலம் அது. சொத்துகள் அடமானத்துக்குப் போனது இப்படித்தான்.

முரசுக்குள் ஒளிந்த வீரர்கள்

படத்தின் உச்சம் முரசு நடனம். அரண்மனை முற்றம் முழுவதும் ராட்சத முரசுகள். வரிசை வரிசையாகப் பெண்கள் அவற்றின் மேல் நின்று ஆடுகிறார்கள். சுமார் 400 பேர் ஆடினார்கள் என்றும், ஆறு மாதம் ஒத்திகை நடந்தது என்றும் சொல்வார்கள். அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. திரையில் 100 பேர் தெரிய வேண்டுமானால் 100 பேர் நிஜமாகவே நிற்க வேண்டும். ஒருத்தி கால் தவறினால் மறுபடியும் எடுக்க வேண்டும்.

இது வெறும் ஆடம்பரம்தானா? இல்லை. பொல்லாத சசாங்கனை மணக்கச் சம்மதித்ததுபோல் சந்திரலேகா நடிக்கிறாள். கல்யாணத்துக்கு முன் முரசு நடனம் வேண்டும் என்று கேட்கிறாள். சசாங்கனும் மயங்கி ஒத்துக்கொள்கிறான். நடனம் முடிந்ததும் முரசுகள் திறக்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த வீரசிம்மனின் ஆட்கள் வாளோடு குதிக்கிறார்கள்!

அத்தனை பெரிய முரசுகள் எதற்கு என்ற கேள்விக்கு அந்த ஒரு நொடியில் விடை கிடைத்துவிடுகிறது. ஆள் ஒளிய வேண்டுமே! முரசு பெரிதாக இருந்தால்தான் கதை நகரும். அடுத்து வரும் நீண்ட வாட்சண்டை ஜனங்களை நாற்காலி நுனிக்கே கொண்டு வந்தது.

செட்டுகளை அமைத்த கலை இயக்குநர் ஏ. கே. சேகர், காமிராவைப் பிடித்த கே. ராம்நாத், கமால் கோஷ் ஆகியோரின் திறமை அதில் தெரிகிறது. கூட்டத்தை எங்கே நிறுத்துவது, வெளிச்சத்தை எங்கே விடுவது, காமிராவை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று அளந்து செய்திருக்கிறார்கள். பணம் முரசை வாங்கிக் கொடுக்கும். அதை எங்கே வைப்பது என்று பணம் சொல்லாது. அதைச் சொன்னது இவர்கள் கண்.

ஒரே கூரையின் கீழ் இரண்டு படம்

அதே ஜெமினி ஸ்டூடியோவில் அதே காலத்தில் இன்னொரு படமும் உருவானது. உலகப் புகழ் பெற்ற நடனக் கலைஞர் உதயசங்கரின் 'கல்பனா'. முழுக்க முழுக்க நடனத்தாலேயே அமைந்த கலைப் படம். அதற்கும் காமிரா பிடித்தவர் ராம்நாத்தான். 'கல்பனா'வைப் பார்த்த உற்சாகத்தில்தான் முரசு நடனம் பிறந்தது என்று சினிமா வரலாறு எழுதுவோர் சொல்வது உண்டு.

இரண்டு படங்களும் 1948-ல் வெளிவந்தன. 'கல்பனா' வசூலில் தோற்றது. ஆனால் கலை அறிந்தவர்கள் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் அதைப் புதுப்பித்து, 2012-ல் பிரான்சு நாட்டின் கேன்ஸ் விழாவில் திரையிட்டார்கள். புதுப்பித்தது யார் தெரியுமா? மாவீரன் படங்களைக் குறை சொன்ன அதே ஸ்கார்செசி தொடங்கிய அமைப்பு!

கலைப் படம் ஒரு ஜாதி, வேடிக்கைப் படம் ஒரு ஜாதி என்று பிரிக்கிறார்கள். ஜெமினியில் அந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. ஒரே கலைஞர் இரண்டுக்கும் கை கொடுத்தார்.

பந்தயம் ஜெயித்தது

1948 ஏப்ரல் 9-ந் தேதி 'சந்திரலேகா' வெளியானது. காந்தியடிகள் கொலையுண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. ரேஷன் கடையில் ஜனங்கள் வரிசையில் நின்ற காலம். படத்துக்குக் கூட்டம் கூடியது. ஆனாலும் போட்ட பணம் தமிழில் மட்டும் திரும்பவில்லை. செலவு அவ்வளவு!

வாசன் சோர்ந்து போகவில்லை. படத்தை இந்தியில் கொண்டுவந்தார். 1948 டிசம்பர் 24-ந் தேதி வடநாட்டில் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான பிரிண்டுகள். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம். விளம்பரம் சேகரித்த இளைஞனின் பழைய பாடம் இப்போது கை கொடுத்தது. வடநாடே வாய் பிளந்தது. சென்னையில் எடுத்த படம் இந்தியா முழுவதும் ஓட முடியும் என்று காட்டிவிட்டார் வாசன்.

அவ்வையாரும் அட்டைக் கோட்டையும்

1953-ல் ஜெமினியின் 'அவ்வையார்' வந்தது. கொத்தமங்கலம் சுப்பு டைரக்ட் செய்தார். கே. பி. சுந்தராம்பாள் அவ்வையாக வாழ்ந்து காட்டினார். வாள் இல்லை, குதிரை இல்லை. கையில் கோல் ஊன்றிய கிழவிதான் கதையின் வீரர். அவர் பாடினால் யானைக் கூட்டம் வருகிறது, கோட்டை இடிகிறது.

ஊரே புகழ்ந்தது. கல்கியும் மனம் திறந்து பாராட்டினார். ஆனால் ராஜாஜிக்குப் படம் பிடிக்கவில்லை. சுந்தராம்பாளின் நடிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. இடி, மின்னல், பிளிறும் யானை, சரியும் அட்டைக் கோட்டை என்று காட்சிகளை அடுக்கியது அவருக்குச் சலிப்பைத் தந்தது. தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்தார்.

கல்கி, ராஜாஜி இருவரும் நண்பர்கள், இருவரும் அறிஞர்கள். ஒரே படத்தைப் பார்த்து இருவரும் இரு விதமாக நினைத்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. முரசு கதைக்காக நின்றது. அதனால் இன்றும் நிற்கிறது. கதைக்கு வேண்டிய அளவுக்கு மேல் இடித்த இடியும் மின்னலும் கண்ணுக்கு மட்டும் வந்து, கண்ணோடு போய்விட்டன. ஆனால் சுந்தராம்பாளின் முகம் நிலைத்தது. எத்தனை யானை வந்தாலும் அந்த முகத்துக்கு ஈடு இல்லை.

மறையாத பெயர்

1964-ல் வாசன் ராஜ்ய சபை உறுப்பினரானார். 1969-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி காலமானார். பிறகு ஸ்டூடியோவும் மறைந்தது. அதன் பக்கத்தில் 1973-ல் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஆனால் சென்னைவாசிகள் பலர் இன்றும் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்கிறார்கள்.

200 ரூபாயில் தொடங்கியவர் 30 லட்சத்தைப் பந்தயம் வைத்தார். தரை டிக்கெட் வாங்குகிறவனுக்கு எது கொடுத்தாலும் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அவனுக்காகவே ஆறு மாதம் ஒத்திகை பார்க்க வைத்தார். பாமரன்தானே என்று குறைத்துக் கொடுக்காதவன்தான் கலைஞன்.

இன்று வானத்தில் பறக்கும் வீரனுக்கும் இதே சட்டம்தான். எவ்வளவு உயரம் பறந்தான் என்பது கணக்கு அல்ல. எதற்காகப் பறந்தான் என்பதுதான் கணக்கு.