மேமியின் தாய்

ஒரு சாதனைப் பெண்ணின் வரலாறு எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது நமக்குத் தெரிந்த பெயர்கள் பல மனதில் வந்தன. கடைசியில் இந்தப் புத்தளக் கரையை ஒருபோதும் கண்டிராத ஒருவரையே தேர்ந்தேன். மேரி டேப் என்ற சீனத் தாய். தன் மகளின் பெயர் ஒரு பாடசாலையின் சேர்வு இடாப்பில் ஏற வேண்டும் என்பதற்காக நீதிமன்றம் வரை சென்றவர்.

மேரி 1857இல் சங்காய் நகருக்கு அண்மையில் பிறந்தார். 1868இல், 11 வயதில், பெற்றோரில்லாத சிறுமியாக அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தார். ஆதரவற்ற பெண்களையும் பிள்ளைகளையும் பராமரித்த ஓர் இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கு பணியாற்றிய ஒரு பெண்மணியின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, மேரி மெக்லாடரி என வளர்ந்தார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி போலாகிவிட்டது.

1875இல் ஜோசப் டேப்பை மணந்தார். ஜோசப்பும் சிறுவயதில் சீனாவிலிருந்து வந்தவர்தான். வீட்டு வேலைக்காரச் சிறுவனாகத் தொடங்கி, பால் வண்டி ஓட்டி, பின்னர் சொந்தமாகப் பொருள் ஏற்றியிறக்கும் தொழில் நடத்தியவர். சீனர் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் குடியிருக்காமல் வெள்ளையர் வாழ்ந்த தெருவிலேயே வீடு பிடித்தார்கள். 1876இல் மூத்த மகள் மேமி பிறந்தாள். பின்னர் பிராங்க், எமிலி, கேர்ட்ரூட்.

மேமி பள்ளி வயதை எட்டிய காலம் சீனருக்கு நல்ல காலமல்ல. சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் வந்திருந்தது. நகரத்தில் சீனப் பிள்ளைகளுக்கென இருந்த ஒரே அரச பாடசாலை 1871இலேயே மூடப்பட்டுவிட்டது. பெற்றோரிடம் வரி மட்டும் தவறாமல் வாங்கினார்கள்.

1884 செப்டெம்பரில் எட்டு வயது மேமியை அழைத்துக்கொண்டு ஸ்பிரிங் வலி ஆரம்பப் பாடசாலைக்குப் போனார்கள். அதிபர் ஜெனி ஹேர்லி சேர்க்க மறுத்தார். கல்விச் சபையும் அத்தியட்சகர் மோல்டரும் அவர் பக்கமே நின்றனர். டேப் தம்பதியர் மேமியின் பெயரில் வழக்குத் தொடுத்தனர்.

1885 ஜனவரியில் தீர்ப்பு மேமிக்குச் சார்பாக வந்தது. மார்ச்சில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தவை என்று மாநிலச் சட்டம் கூறும்போது, சீனப் பிள்ளை என்பதற்காக ஒருத்தியை வெளியே நிறுத்த இடமில்லை என்பதே சாரம்.

வழக்கில் வென்றாயிற்று, இனிப் பள்ளிக்கூடம் போகலாம் என்றுதானே நாம் நினைப்போம்? மோல்டர் மாநிலச் சட்டசபைக்குத் தந்தியடித்தார். சீனருக்குத் தனிப் பாடசாலை அமைக்கவும், அது அமைந்த பின் வேறு பாடசாலைகளில் அவர்களைச் சேர்க்காமலிருக்கவும் வழிசெய்யும் திருத்தம் அவசரமாக நிறைவேறியது. அந்தப் பாடசாலை திறக்கும் முன்பே மேமி மீண்டும் வாசலுக்குப் போனாள். இம்முறை தடுப்பூசிச் சான்றிதழ் சரியில்லை என்றும் வகுப்பில் இடமில்லை என்றும் காரணம் சொன்னார்கள்.

அப்போதுதான் மேரி கல்விச் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அது பத்திரிகையிலும் வெளியாயிற்று. எழுத்துப் பிழைகள் நிறைந்த, கோபம் கொதிக்கும் கடிதம். சீனராகப் பிறந்தது ஓர் இழிவா என்று கேட்டார். எட்டு வயதுப் பிள்ளையைப் பெரிய மனிதர்கள் கூடித் துரத்துவதைச் சாடினார். அவர்கள் அமைக்கும் சீனப் பாடசாலைக்குத் தன் பிள்ளை ஒருபோதும் போகமாட்டாள் என்றும் எழுதினார்.

அதே கடிதத்தில், தன் பிள்ளைகள் வெள்ளையர் பிள்ளைகளைப் போலவே உடுத்து அவர்களுடனேயே விளையாடுகிறவர்கள் என்றும் வாதாடினார். அந்த இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. சீன உடை உடுத்த பிள்ளை வாசலில் நின்றிருந்தால்? ஆனால் தாய்மார் தம் பிள்ளைக்காகக் கையில் கிடைத்ததை எடுத்தே போராடுவார்கள்.

இதை வாசிக்கையில் எனக்கு 1990இன் இறுதி நினைவுக்கு வந்தது. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலர் மன்னார்ப் பக்கமிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு நான் படித்த வகுப்பறையிலேயே பிற்பகலில் வகுப்பு நடந்தது. காலையில் நாங்கள், பிற்பகலில் அவர்கள். ஒரே வாங்கு, ஒரே கரும்பலகை. என் மேசையின் அடியில் யாரோ ஒருத்தி பென்சிலால் பூ வரைந்து வைத்திருந்தாள். நானும் பக்கத்தில் ஒரு பூ வரைந்தேன். அவள் யாரென்று இன்றுவரை தெரியாது. இடம் போதாததே காரணம் என்றார்கள். அது உண்மையும்தான். ஆனாலும் எங்களில் ஒருவரும் அவர்களைப் பற்றி விசாரிக்கவில்லை.

சீனப் பாடசாலை 1885 ஏப்ரலில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே திறந்தது. முதல் நாள் வந்த பிள்ளைகளில் மேமியும் தம்பி பிராங்கும் இருந்தார்கள். கடிதத்தில் சூளுரைத்த தாய்தான் அனுப்பிவைத்தார். கௌரவத்தை விடப் படிப்பே பெரிதென்று அவர் எண்ணியிருக்க வேண்டும். என் கண்ணுக்கு அவருடைய மிகப் பெரிய செயல் இதுதான்.

மேரியின் வாழ்க்கை வழக்கோடு முடிந்துவிடவில்லை. ஓவியம் தீட்டினார். புகைப்படக் கலையைக் கற்று, படத் தகடுகளைக்கூடத் தானே தயாரித்தார். தந்திக் கருவியை இயக்கவும் பழகினார். 1890களில் பத்திரிகைக்காரர் அவருடைய திறமைகளை வியந்து எழுதினார்கள். 1895இல் குடும்பம் விரிகுடாவுக்கு அப்பாலுள்ள பேர்க்லிக்கு இடம்பெயர்ந்தது. அங்கு பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு படிக்க முடிந்தது. 1897இல் மேமிக்குத் திருமணமாயிற்று. மேரி பேரப்பிள்ளைகளையும் கண்டார்.

1934இல் பேர்க்லியில் காலமானார். மறு ஆண்டு ஜோசப்பும் போய்ச்சேர்ந்தார். பிள்ளைகளைப் பிரித்துவைத்த அந்தச் சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. மேமிக்கு அப்போது 71 வயது. அவர் 1972 வரை வாழ்ந்தார்.

வழக்குக் காலத்தில் எடுத்த குடும்பப் படமொன்று இன்றும் இருக்கிறது. ஒரு ஓரத்தில் தந்தை, மறு ஓரத்தில் தாய். இடையில் நல்ல சட்டை உடுத்து, பள்ளிக்குப் புறப்பட்டவள் போல மேமி நிற்கிறாள்.