ஏழை வீட்டுக் கணக்கு எழுதிய தஞ்சைத் தமிழர்

1929-ம் ஆண்டு மே மாதம் 9-ந்தேதி. பிற்பகல் நேரம்.

குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரை ஓரமாக ஒருவர் நடந்து வந்தார். உடம்பில் பட்டுத்துணியில் தைத்த சீமை உடை. கையில் கைத்தடி. வயது 37.

காந்தி அடிகளைச் சந்திக்க அவருக்கு 2½ மணிக்கு நேரம் கொடுத்து இருந்தார்கள். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார்.

அங்கே ஒரு மரத்தடி. சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டு இருந்தார். வந்தவர் தடியை ஊன்றியபடி நின்று அதை வேடிக்கை பார்த்தார்.

2½ மணி ஆயிற்று. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். உடனே கிழவர் நிமிர்ந்து, குமரப்பா என்பது நீங்கள்தானா என்று கேட்டார்.

அந்தக் கிழவர்தான் காந்தி!

உடை கசங்குமே என்று குமரப்பா யோசிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்தார். அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தஞ்சையில் பிறந்தார்

ஜே.சி.குமரப்பா 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி தஞ்சாவூரில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். வீட்டில் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். குமரப்பா என்பது தாத்தாவின் பெயர். பிற்காலத்தில் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

லண்டனுக்குச் சென்று கணக்குத் தணிக்கை படித்தார். திரும்பி வந்து பம்பாயில் தொழில் நடத்தினார். நல்ல வருமானம். பிறகு அமெரிக்கா சென்று மேல்படிப்புப் படித்தார்.

அங்கே ஒரு கூட்டத்தில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அவருடைய பேராசிரியர் அதைப் படித்தார். அந்த விஷயத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி கூறினார்.

ஆராய ஆராய, குமரப்பாவின் மனம் மாறியது. வெள்ளைக்காரனின் வரி முறைதான் நாட்டை உறிஞ்சுகிறது என்று கண்டார். அந்த ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போடுவது பற்றிப் பேசத்தான் அவர் சபர்மதிக்கு வந்தார்.

வந்த இடத்தில் வேறு ஒரு வேலை கிடைத்தது.

54 கிராமங்கள்

குஜராத் கிராமங்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று நேரில் பார்த்துக் கணக்கு எடுக்க முடியுமா? இதுதான் காந்தி கேட்டது.

குமரப்பாவுக்குக் குஜராத்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்கள் உதவிக்கு வருவார்கள் என்றார் காந்தி. ஆனால் வித்யாபீடத்தை நடத்திய காகா காலேல்கருக்குத் தயக்கம். பாஷை தெரியாதவர் கிராமத்தில் போய் என்ன செய்வார்? குமரப்பா பம்பாய்க்கு ரெயில் ஏறிவிட்டார். காந்தி விடவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

கேடா மாவட்டம் மாதர் தாலுகாவில் வேலை தொடங்கியது. 1929-ம் ஆண்டு முடிவில் தொடங்கி, 1930-ம் ஆண்டு முதல் மாதங்கள் வரை நடந்தது. மொத்தம் 54 கிராமங்கள்.

மாணவர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். எவ்வளவு நிலம்? என்ன விளைந்தது? மாடு எத்தனை? கடன் எவ்வளவு? சாப்பாட்டுக்கு என்ன செலவு, துணிக்கு என்ன செலவு? வரி கட்டிய பிறகு கையில் என்ன மிச்சம்?

சர்க்கார் ஏட்டில் பயிரின் கணக்கு இருந்தது. வரியின் கணக்கு இருந்தது. அதைக் கட்டியவன் வீட்டில் இரவு அடுப்பு எரிந்ததா என்ற கணக்கு மட்டும் இல்லை!

1931-ம் ஆண்டு அறிக்கை புத்தகமாக வந்தது. விவசாயி தாங்க முடியாத அளவுக்கு நிலவரி இருக்கிறது என்பதை மேடைப் பேச்சாக அல்ல, எண்களாகவே அது காட்டியது. எண்ணை மறுக்க எண் வேண்டும். மேடைப் பேச்சை அலட்சியம் செய்துவிடலாம். இதை அப்படிச் செய்ய முடியாது.

இதற்குள் உப்பு சத்தியாக்கிரகம் தொடங்கிவிட்டது. காந்தியின் "யங் இந்தியா" பத்திரிகையைக் குமரப்பா நடத்தினார். சிறைக்கும் சென்றார். சீமை உடை போய், கதர் வந்தது.

மூன்று அணா

கணக்கில் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்கமாட்டார்.

1934-ம் ஆண்டு பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண நிதியின் கணக்கைக் குமரப்பா பார்த்தார். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுக்காக ஒரு நாளைக்கு 3 அணாதான் என்று வரம்பு கட்டினார்.

காந்தியும் அவருடன் இருந்தவர்களும் பீகாருக்கு வந்தார்கள். அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் இருந்து கொடுக்க முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார்! இடிந்த வீட்டுக்காரனுக்கு வந்த பணம் அது.

காந்திக்கு இதில் கோபம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தோன்றியபோது, அதை நடத்தும் பொறுப்பைக் குமரப்பாவிடமே கொடுத்தார். வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் என்று பல தொழில்களை அவர் வளர்த்தார். பிறகு மத்திய மாகாண அரசாங்கத்துக்காக 606 கிராமங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்.

எதை வைத்து அளப்பது?

ஒரு வட்டாரம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று எப்படிச் சொல்வது? அங்கே புழங்கும் பணத்தை எண்ணினால் போதும் என்பார்கள் பலர். போதாது என்றார் குமரப்பா.

ஜபல்பூர் சிறையில் இருந்தபோது "நிலைத்த பொருளாதாரம்" பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு லட்சம் மக்கள் உள்ள வட்டாரத்துக்கு ஒரு கணக்குப் போட்டார். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 16 அவுன்சு தானியம், 2 அவுன்சு பருப்பு, 12 அவுன்சு பால், காய்கறி, பழம். ஆண்டுக்கு 25 கஜம் துணி. இவ்வளவும் கிடைக்க எந்தப் பயிரை எத்தனை ஏக்கரில் போடவேண்டும்? முதலில் வயிறு, பிறகு சந்தை. இதுதான் அவர் போட்ட வரிசை.

தமிழ்நாட்டில் சிப்காட் நிறுவனம் 1971-ல் தொடங்கியது. குமரப்பா அதைப் பார்க்கவில்லை. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி பெரிய தொழிற்பேட்டை. அங்கே எத்தனை ஆலைகள் என்று எண்ணுவது சுலபம். குமரப்பாவின் மாணவர்கள் போயிருந்தால், பக்கத்து ஊருக்குள் நுழைந்து இருப்பார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடிகிறதா, ஆலைக்குள் இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர், வயல் விற்றவர் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதியிருப்பார்கள்.

கல்லுப்பட்டியில்

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவராக இருந்தார். 1949-ல் அறிக்கை வந்தது. உழுகிறவனுக்கே நிலம் என்று அது கூறியது. புதிய அரசாங்கம் பெரிய ஆலைகளின் பக்கம் சாய்ந்தபோது, அவர் ஒத்துப்போகவில்லை. வெளிப்படையாகவே கண்டித்தார்.

கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்தார். கலியாணம் செய்துகொள்ளாதவர். ஒரு சின்னக் குடிசைதான் வீடு.

குடிசையில் காந்தி படம் இருந்தது. ஓர் ஏழைக் கிராமவாசியின் படமும் இருந்தது. வந்தவர்கள் அது யார் என்று கேட்பார்கள். காந்தி தனக்கு எஜமானர். இவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்று குமரப்பா சொல்வார்.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி குமரப்பா காலமானார். காந்தி சுடப்பட்டு இறந்ததும் ஒரு ஜனவரி 30-ந்தேதிதான்.