கதையிலும் மெய் காத்தவர்

பிரான்சு நாட்டின் வடபகுதியில், சேன் ஆற்றங்கரையில் ரூவான் என்னும் பழைய நகரம் உள்ளது. அந்நகரத்துப் பெரிய மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவருக்கு மகனாக, 1821-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் குஸ்தாவ் பிளோபேர் பிறந்தார். மருத்துவமனையைச் சார்ந்த இல்லத்திலேயே அவர் வளர்ந்தார். நோயும் இறப்பும் அவர் இளமையிலேயே கண்ட காட்சிகள். உள்ளதை உள்ளவாறே நோக்கும் பழக்கம் அங்கேதான் அவரிடம் வேரூன்றியது எனலாம்.

குடும்பத்தார் விருப்பப்படி பிளோபேர் சட்டம் பயிலப் பாரிசு நகருக்குச் சென்றார். அக்கல்வியில் அவர் உள்ளம் ஈடுபடவில்லை, தேர்விலும் தோல்வியுற்றார். 1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொடிய நரம்பு நோய் அவரைத் தாக்கியது. சட்டப் படிப்பு அத்துடன் நின்றது. 1846-இல் தந்தையையும் அன்புத் தங்கையையும் அடுத்தடுத்து இழந்தார். தங்கை விட்டுச் சென்ற பச்சிளங் குழந்தையைத் தம் அன்னையுடன் சேர்ந்து வளர்த்தார். ரூவானுக்கு அருகே குருவாசே என்னும் சிற்றூரில், ஆற்றை நோக்கிய வீட்டில் அமர்ந்து, எழுத்துப் பணியையே தவமாக மேற்கொண்டார்.

1848-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிசு மக்கள் மன்னராட்சியை வீழ்த்தினர். அக்கிளர்ச்சியைப் பிளோபேர் அந்நகரத்துத் தெருக்களில் நேரில் கண்டார். பல்லாண்டுகள் கழித்து அக்காட்சிகளே அவருடைய பெருநூல் ஒன்றுக்குக் கருவாயின.

1856-இல் வெளிவந்த மதாம் பொவாரி என்னும் நாவல் ஒழுக்கத்திற்கு மாறானது என்று அடுத்த ஆண்டு வழக்குத் தொடரப்பட்டது. பிளோபேர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பு வழங்கப்பட்டது; அவர் புகழ் நாடெங்கும் பரவியது. ஆயினும் அவர் புகழில் மயங்கி இளைப்பாறவில்லை. 1864-இல் மற்றொரு நாவலைத் தொடங்கினார். உணர்ச்சிக் கல்வி என்பது அதன் பெயருக்குப் பொருள்.

பிரெதெரிக் மொரோ என்னும் பதினெட்டு வயது இளைஞனே அக்கதையின் தலைவன். அவன் பெருங்கனவுகள் காண்கிறான். எதையும் முயன்று முடிப்பதில்லை. அவன் நெடுநாள் போற்றிய காதலும் கைகூடவில்லை. நாட்டின் வரலாறே அவன் கண்முன் மாறுகிறது. அவனோ விலகி நிற்கிறான். 1848 ஜூன் திங்களில் பாரிசுத் தெருக்களில் குருதி பெருகியபோது, அவன் போந்தேன்புளோ காட்டில் உல்லாசமாக உலவுகிறான்.

இந்நூலுக்காகப் பிளோபேர் பட்ட பாடு வியப்பைத் தருவது. ஒரு குழந்தையின் தொண்டை நோயை விவரிப்பதற்காகப் பாரிசிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று அந்நோயைக் கண்டறிந்தார். போந்தேன்புளோவிலிருந்து புகைவண்டியில் திரும்புவதாக ஓரிடத்தில் எழுதியிருந்தார். பின்னர் ஐயம் எழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, 1848-இல் அவ்வூருக்கு இருப்புப்பாதையே அமையவில்லை எனத் தெரிந்தது. கதைதானே என்று அவர் வாளாவிருக்கவில்லை. எழுதிய பகுதியை நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினார். இவ்வாறு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைத்து 1869-இல் நூலை முடித்தார்.

அவ்வுழைப்புக்கு அன்று கிடைத்த பரிசு ஏளனமே. திறனாய்வாளர் பலர் நூலைப் பழித்தனர். படிகளும் மெல்லவே விற்றன. எழுத்தாளர் ஜார்ஜ் சாந்து அம்மையார் அவருக்காகப் பரிந்து எழுதினார். 1871-இல் பாரிசில் உள்நாட்டுப் போர் மூண்டு, மன்னர் வாழ்ந்த துய்லரி அரண்மனை தீக்கிரையாயிற்று. அதன் அழிவைக் கண்ட பிளோபேர், தம் நூலை மக்கள் உணர்ந்து படித்திருந்தால் இக்கேடு நேர்ந்திராது என்று வருந்தியதாக அவர் நண்பர் ஒருவர் எழுதியுள்ளார்.

1875-இல் அவர் வளர்த்த தங்கை மகளின் கணவர் கடனில் மூழ்கினார். அவரைக் காக்கப் பிளோபேர் தமக்கு வருவாய் அளித்த நிலத்தை விற்றுத் தாம் வறுமையை ஏற்றார். அந்நிலையிலும் மொப்பசான் என்னும் இளைஞருக்கு எழுத்துக் கலையைக் கற்பித்து வந்தார். 1880-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள், இறுதி நாவல் முற்றுப்பெறாத நிலையில், குருவாசேயில் உயிர் நீத்தார்.

அன்று பழிக்கப்பட்ட அந்நாவல் இன்று பிரெஞ்சு மொழியின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. முயற்சியின்றி வாழ்வை வீணாக்கிய இளைஞனின் கதையை, முயற்சியே வடிவான ஒருவர் எழுதினார். இல்லாத இருப்புப்பாதை ஒன்றைக் கதையில் விட்டிருந்தால் கண்டுபிடித்தோர் சிலரே இருந்திருப்பர். ஆயினும் அவர் அதை விடவில்லை. பிறர் காணாவிடத்தும் பிழை பொறாத அந்நெஞ்சமே அவர் நூலுக்கு நிலைபேறு தந்தது.