உத்தரவு போட அதிகாரமில்லை... ஆனா பள்ளிகளைக் கேள்வி கேட்டார்! யார் இந்த ஹோரேஸ் மேன்?

தேர்வில் மாணவர்கள் சறுக்கினால் தப்பு யார் மீது? பிள்ளைகள் மீதா, பள்ளிக்கூடத்தின் மீதா? அமெரிக்க மாநிலங்கள் இன்றைக்கும் சட்டம் மேல் சட்டம் போட்டு மல்லுக்கட்டும் இந்தக் கேள்வியை, 180 ஆண்டுகளுக்கு முன்பே கிளப்பிவிட்டவர் ஹோரேஸ் மேன்.

1796-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராங்க்ளின் ஊரில், வசதியில்லாத விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வருஷத்துக்குப் பத்து வாரம் பள்ளிக்கூடம் போனாலே பெரிசு. பிறகு வக்கீல், எம்.எல்.ஏ., மாநில மேலவைத் தலைவர் என உயர்ந்தார்.

1837-ல் மாநிலக் கல்வி வாரியத்தை உருவாக்கும் சட்டம் வந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த அரசியலை விட்டுவிட்டு, அந்த வாரியத்தின் செயலாளர் ஆனார் மேன்.

இதில் ஒரு சிக்கல். எந்தப் பள்ளிக்கும் உத்தரவு போட வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. விவரம் திரட்டலாம், அறிக்கை தரலாம், அவ்வளவுதான். மேன் அதையே ஆயுதமாக்கினார். ஒவ்வொரு ஊரும் ஒரு குழந்தைக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று வரிசைப்படுத்தி அச்சிட்டார். கடைசி இடத்தில் இருக்க எந்த ஊருக்குத்தான் பிடிக்கும்?

1839-ல் லெக்சிங்டனில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் பயிற்சிப் பள்ளி அதுதான்.

பிரஷ்யா பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து, அங்கே பிரம்படி இல்லாமலே பாடம் நடக்கிறது என்று எழுதினார். பாஸ்டன் தலைமையாசிரியர்கள் 31 பேர் கொதித்தெழுந்தனர்.

1845-ல் விஷயம் முற்றியது. மேனின் நண்பர் சாமுவேல் ஹவ் இடம்பெற்ற குழு, பாஸ்டன் பள்ளிகளில் அச்சிட்ட கேள்வித்தாளோடு நுழைந்தது. அதுவரை வாய்மொழித் தேர்வுதான், அதுவும் பெற்றோர் முன்னால் ஒரு கண்காட்சி மாதிரி. முடிவுகள் படுமோசம். கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளியும் மிகவும் பின்தங்கியது. ஆனா குழு பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. இவர்களால் முடியும் என்று தலைமையாசிரியரே நம்பவில்லை என்றது. இது அந்தக் காலத்துக்குச் சாதாரண விஷயமில்லை.

1848-ல் நாடாளுமன்றம் போனார். 8 முதல் 14 வயதுக் குழந்தைகள் வருஷத்துக்கு 12 வாரமாவது பள்ளிக்கு வர வேண்டும் என்ற சட்டத்தை 1852-ல் மாசசூசெட்ஸ் கொண்டுவந்தது. அமெரிக்காவிலேயே முதல் கட்டாயக் கல்விச் சட்டம். அபராதம் என்னவோ பெற்றோருக்குத்தான்.

ஒஹையோ மாநிலத்தின் ஆன்டியோக் கல்லூரித் தலைவராக இருந்தபோது, 1859-ல் இறந்தார்.