லோனாவாலாவில் அச்சகம் வைத்திருந்த பால்கே

புனேயில் இருந்து லோனாவாலா லோக்கல் ரெயிலில் போகிறவர்களுக்கு மளவ்லி ஸ்டேஷன் தெரிந்திருக்கும். லோனாவாலாவுக்கு முந்திய ஸ்டேஷன் அது. ஓவியர் ராஜா ரவிவர்மாவின் அச்சகம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. நம் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் தொங்கிய லட்சுமி, சரஸ்வதி படங்கள் பலவற்றுக்கு அதுவே பிறந்த வீடு.

அந்த அச்சகத்துக்கு வேலை செய்து கொடுத்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் நாடறிந்த மனிதர் ஆனார். அவர்தான் இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே.

சினிமாவுக்கு வரும் முன் படம் வரைவதும் பிளாக் செய்வதும் அச்சடிப்பதும்தான் அவருடைய பிழைப்பு. இன்று கிராபிக் டிசைன் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே தொழில்.

15 வயதில்...

1870-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, நாசிக் அருகே திரியம்பகேசுவரத்தில் பால்கே பிறந்தார். இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தந்தை சமஸ்கிருத பண்டிதர்.

பையனுக்கோ படம் வரைவதில்தான் மோகம். 15-வது வயதில் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அண்ணனுடன் பரோடா சென்றார். அங்கே கலாபவனில் ஓவியம், சிற்பம், கட்டிடக்கலை, போட்டோ எல்லாம் பயின்றார். பிறகு ரத்லாம் சென்று மூவண்ண பிளாக் செய்யக் கற்றார்.

ஒரு வண்ணப் படத்தை மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று பிளாக் செய்ய வேண்டும். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடித்தால் முழுப்படம் வரும். ஒரு பிளாக் மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும்.

அடி மேல் அடி

கோத்ரா நகரில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். பிளேக் நோய் வந்தது. மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார்.

பரோடா திரும்பி மறுபடியும் ஸ்டூடியோ வைத்தார். காமிரா ஆளின் உயிரை உறிஞ்சிவிடும் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. கூட்டம் வரவில்லை. பால்கே நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தார்.

மறுமணம் நடந்தது. 1903-ல் தொல்பொருள் இலாகாவில் வேலையும் கிடைத்தது. சர்க்கார் உத்தியோகம், மாதச் சம்பளம். ஆனால் அவர் மனம் அதில் ஒட்டவில்லை. 1906-ல், 36 வயதில், வேலையை உதறினார். லோனாவாலாவில் சொந்த அச்சகம் தொடங்கினார்.

ரவிவர்மா அச்சகத்துக்கு, படத்தை அச்சுக் கல்லுக்கு மாற்றித் தரும் வேலை முதலில் கிடைத்தது. பிறகு மூவண்ண வேலையும் வந்தது. இடம் போதாமல் அச்சகத்தை பம்பாய் தாதருக்கு மாற்றினார். 1908-ல் புதிய பங்குதாரர் சேர்ந்தார். லட்சுமி ஆர்ட் பிரிண்டிங் ஒர்க்ஸ் என்று பெயர் மாறியது. 1909-ல் இயந்திரம் வாங்க பால்கே ஜெர்மனிக்கே போய் வந்தார்.

தொழில் பெருகியது. கூடவே பங்குதாரரோடு மனத்தாங்கலும் பெருகியது. கடைசியில் பால்கே தன் பங்குக்கென்று எதுவும் வாங்காமல் வெளியேறினார். வயது நாற்பது. வீட்டில் மனைவி, பிள்ளைகள். கையில் முதல் இல்லை.

கற்றது கைவிடவில்லை

அந்த நேரத்தில்தான் ஏசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் சினிமா ஒன்றைப் பார்த்தார். நம் புராணக் கதைகளையும் இப்படி எடுக்கலாமே என்று தோன்றியது. இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். 1912-ல் லண்டன் சென்று தொழில் பழகித் திரும்பினார். 1913 மே 3-ந் தேதி பம்பாயில் ராஜா ஹரிச்சந்திரா வெளியானது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். காட்சி அமைக்க, திரைச்சீலை எழுதிய அனுபவம் உதவியது. பிலிமைக் கழுவ இருட்டறைப் பழக்கம் உதவியது. ரவிவர்மா படங்களோடு பழகிய கண், தெய்வ வேடங்களுக்கு உருவம் கொடுத்தது. பங்கு போயிற்று; கைத்தொழில் போகவில்லை.

மனைவி சரஸ்வதிபாயும் பிலிமில் துளையிட்டார், பிலிம் கழுவினார், படக்குழுவினருக்குச் சமைத்தும் போட்டார்.

பிற்காலம் பால்கேக்குச் சுகமாக இல்லை. பேசும்படம் வந்ததும் அவர் காலம் முடிந்தது. 1944 பிப்ரவரி 16-ந் தேதி நாசிக்கில் காலமானார். அவர் பெயரால் வழங்கப்படும் விருதை நம் சிவாஜி கணேசன் 1996-ம் ஆண்டுக்கும், ரஜினிகாந்த் 2019-ம் ஆண்டுக்கும் பெற்றார்கள்.

ராஜா ஹரிச்சந்திராவின் எஞ்சிய சுருள்கள் புனேயில் தேசிய திரைப்படக் காப்பகத்தில் உள்ளன.

இந்த நகரில் இன்று கம்ப்யூட்டர் முன் அமர்ந்து நோட்டீசும் லேபிளும் வடிவமைக்கும் நம் பிள்ளைகள் பலர். ஒரு வேலை தெரிந்ததும் போதும் என்று நிற்காதீர்கள். அச்சகத்துக்குப் போய் மை எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். காமிராவையும் தொட்டுப் பாருங்கள். எந்தக் கல்வி எந்த நாளில் சோறு போடும் என்று யார் கண்டது?