சர் ஜோசப் பசல்ஜெட்

ஊருக்கு நன்னீர் கொணர்தல் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது கழிநீரை அகற்றுதல். நாளை பெருகவிருக்கும் மக்களையும் எண்ணி அதற்கு வழி வகுத்தல் அதனினும் அரிய செயலாகும். அச்செயலை ஆற்றிப் புகழ்பெற்றவர் சர் ஜோசப் பசல்ஜெட் என்னும் பொறியாளர்.

இவர் 1819ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உள்ள என்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். நிலத்து நீரை வடித்தல், இருப்புப்பாதை அமைத்தல் முதலிய பணிகளில் இளமையிலேயே தேர்ச்சியடைந்தார்.

அக்காலத்தில் இலண்டன் மாநகரம் விரைந்து வளர்ந்து வந்தது. மழைநீர் செல்லுதற்கென முன்னோர் கட்டிய கால்வாய்களில் வீட்டுக் கழிவும் கலந்து தேம்ஸ் ஆற்றில் விழுந்தது. அவ்வாற்று நீரையே மக்களுள் பலர் பருகினர். 1832, 1849, 1854 ஆகிய ஆண்டுகளில் காலரா என்னும் கொள்ளைநோய் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது.

1856ஆம் ஆண்டில் பசல்ஜெட் பெருநகரப் பணிக் கழகத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். அவர் வகுத்த திட்டமோ ஈராண்டு தடைப்பட்டுக் கிடந்தது. 1858ஆம் ஆண்டு வேனிலில் ஆற்றின் தீநாற்றம் கரையிலிருந்த பாராளுமன்றத்தையும் சூழ்ந்தது. உடனே பதினெட்டு நாள்களில் சட்டம் நிறைவேறிற்று.

பழைய கால்வாய்கள் ஆற்றை அடையுமுன் அவற்றை இடைமறித்துக் கழிநீரைக் கிழக்கே கொண்டுசெல்லும் பெருங்கால்வாய்களை அவர் 82 மைல் நீளத்திற்கு அமைத்தார். நீர் தானே ஓடுமாறு அவை சரிவாகக் கட்டப்பெற்றன. தாழ்ந்த இடங்களில் நீராவிப் பொறிகள் நீரை மேலேற்றின. அன்று நகரில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 25 இலட்சம் மக்களே. அவரோ 34 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குப் போதுமாறு அளவு கணித்தார்.

1866ஆம் ஆண்டில் காலரா மீண்டும் வந்தது. பணி முற்றுப்பெறாதிருந்த கிழக்குப் பகுதியையே அது பெரிதும் தாக்கியது. பணி முடிந்தபின் இலண்டனில் அந்நோய் பெருவாரியாகப் பரவவில்லை.

எனினும், அத்திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. நகருக்குக் கீழே கழிநீர் தூய்மை செய்யப்படாமலே ஆற்றில் விடப்பட்டது. நகர் வளர வளர அதனால் விளைந்த தீங்கும் வளர்ந்தது. எனவே, 1880களின் பிற்பகுதியில் கழிவின் கசட்டைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பும் முறை மேற்கொள்ளப்பட்டது.

பசல்ஜெட் 1891ஆம் ஆண்டில் மறைந்தார். நகர மக்கள் அவர் கணித்ததினும் மிகப் பெருகியமையால், ஆற்றைக் காக்கும் பொருட்டுப் புதிய பெருஞ்சுரங்கம் ஒன்று கட்டப்பெற்று 2025ஆம் ஆண்டில் முழுமையாக இணைக்கப்பட்டது. ஆயினும், அவர் கட்டிய கால்வாய்கள் இன்றும் பயன்பட்டு வருகின்றன. வருங்காலத்தை எண்ணிக் கட்டுதல் வேண்டும். காலம் மாறுங்கால் கட்டியதைத் திருத்திக்கொள்ளுதலும் வேண்டும். இவ்விரண்டையும் அவர் பணி நமக்கு உணர்த்துகின்றது.