ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் டாக்டர் மாண்டிசோரி அம்மையார்

மும்பையில் நம்மவர்கள் அதிகமாகக் குடியிருக்கும் பகுதிகளில், மாண்டிசோரி என்ற பெயர் தாங்கிய பாலர் பள்ளிப் பலகைகள் ஆங்காங்கே கண்ணில் படும். கடன் வாங்கியாவது பிள்ளையை அங்கே சேர்த்துவிட வேண்டுமென்று துடிக்கிற பெற்றோர் நம்மிடையே உண்டு. அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதும், அவர் ஒரு டாக்டர் என்பதும் பலருக்குத் தெரியாது. அவருடைய கல்விமுறை வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளுக்காக உண்டானதல்ல. மூளை வளர்ச்சி குன்றியவர்கள், எதற்கும் உதவாதவர்கள் என்று பூட்டி வைக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்துதான் அது பிறந்தது.

உத்தியோகஸ்தரின் மகள்

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க நிதி இலாகா உத்தியோகஸ்தர். உத்தியோக மாற்றம் காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறி, 1875-ல் ரோம் நகரில் குடியேறியது. தாயார் நன்கு படித்தவர். மகளின் படிப்புக்கு எப்போதும் துணை நின்றார்.

முதலில் என்ஜினீயராக வேண்டுமென்று எண்ணிய மரியா, பிறகு வைத்தியம் படிப்பதென்று முடிவு செய்தார். பெண்ணுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று தந்தை தடுத்தார். மரியா பின்வாங்கவில்லை. ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்கு முறையல்ல என்று கருதப்பட்ட காலம் அது. ஆகவே எல்லோரும் போன பின்னர் தனியாகப் பிரேதக் கூடத்தில் நின்று பாடம் படித்தார். 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றபோது, இத்தாலியில் அப்பட்டம் பெற்ற பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வெறும் அறையில் குழந்தைகள்

பட்டம் பெற்றதும் பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். ஆராய்ச்சிக்கு ஆள் தேடி ரோம் நகரத்துப் பைத்தியக்கார விடுதிகளுக்குப் போய் வருவது அவருடைய வேலைகளில் ஒன்று. அங்கே பெரியவர்களான பைத்தியங்களோடு குழந்தைகளும் அடைபட்டிருந்தார்கள். இன்று தனித்தனிப் பெயரால் அறியப்படும் பல மூளைக் குறைபாடுகளும் வளர்ச்சிக் குறைபாடுகளும் அன்று மந்தபுத்தி என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன.

ஒரு விடுதியில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இது. சாப்பிட்டு முடித்த குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்கள். காவலுக்கிருந்த பெண் அவர்களைப் பெருந்தீனிக்காரர்கள் என்று அருவருப்போடு பேசினாள். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். விளையாட ஒரு பொருள் இல்லை. கையால் தொட்டுப் பிடிக்க எதுவுமே இல்லை. அந்தப் பிள்ளைகள் பசியால் துணுக்கைத் தேடவில்லை, கைக்கு ஏதேனும் ஒரு வேலை தேடுகிறார்கள் என்று அவருக்குப் பட்டது.

அன்று முதல் அந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்களைத் தேடிப் படித்தார். பிரான்சு நாட்டில் இடார்ட் என்ற டாக்டர், காட்டில் அகப்பட்ட ஒரு பேசாத சிறுவனுக்கு 1800-ஆம் ஆண்டு தொடங்கிப் பல வருஷம் பாடம் சொல்லிப் பார்த்தவர். அவருடைய சீடர் செகுவின், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கென்றே பயிற்சி முறை வகுத்து 1846-ல் நூல் எழுதியவர். மறந்துபோன அந்தப் பிரெஞ்சு நூல்களை அம்மையார் பின்னாளில் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதினார். இந்தக் குழந்தைகளின் குறைக்கு மருந்தை விடக் கல்வியே முக்கியம் என்ற முடிவுக்கு வந்து, 1898-ல் டூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் அதைத் துணிந்து சொன்னார்.

கை வழியே மூளைக்கு

1900-ஆம் ஆண்டு ரோமில் இக்குழந்தைகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்யும் பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. டாக்டர் மாண்டிசோரியும் டாக்டர் மான்டெசானோவும் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்கள். அம்மையார் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை குழந்தைகளோடேயே இருந்தார். இரவில் அன்று கண்டதையெல்லாம் குறித்து வைத்தார்.

அவருடைய முறைக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். பதினோரு வயதுப் பெண் ஒருத்திக்கு ஊசியும் நூலும் கொடுத்து எத்தனை சொல்லியும் தையல் வரவில்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய் பின்னுவது போன்ற வேலையைக் கொடுத்தார். அந்தக் கை அசைவு பழகிய பிறகு ஊசியைக் கொடுத்தார், தையல் வந்துவிட்டது. செய்யச் சொல்லி வற்புறுத்துவதற்கு முன்பு, செய்வதற்கான பழக்கத்தைக் கைக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். எழுத்துக்கும் அதே வழிதான். மரத்தில் எழுத்துக்களைச் செதுக்கி, உயிரெழுத்துக்குச் சிவப்பும் மெய்யெழுத்துக்கு நீலமும் பூசி, எழுதுகிற போக்கிலேயே விரலால் தடவச் செய்தார். கண் பார்த்தது, விரல் தொட்டது, காது ஒலியைக் கேட்டது.

அந்தக் குழந்தைகளில் சிலர், சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவும் எழுதவும் பரீட்சை கொடுத்துத் தேறினார்கள். ஊரே அதிசயம் என்றது. அம்மையார் மட்டும் வேறொன்றை நினைத்துக் கவலைப்பட்டார். குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர முடியுமானால், குறையில்லாத பிள்ளைகளை இந்தப் பள்ளிக்கூடங்கள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன என்பதே அவருடைய கேள்வி.

சொந்த வாழ்வில் ஒரு துயரம்

மான்டெசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் மாரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் உத்தியோகமும் மதிப்பும் போய்விடும் என்ற நிலையில், குழந்தை கிராமத்தில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தது. பிறர் குழந்தைகளுக்காக மேடையேறிப் பேசியவர், தம் குழந்தையை எப்போதாவது போய்ப் பார்த்து வந்தார். பிழைப்புக்காகப் பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த நம்மில் பலருக்கு அந்த வேதனை புரியும். 1912-ல் தம் தாயார் காலமான பிறகே மகனைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்.

தொழிலாளர் குடியிருப்பில்

1901-ல் அந்தப் பள்ளியை விட்டு விலகி மீண்டும் மாணவியானார். 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோமில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் திறந்தார். தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சுவரைக் கிறுக்கியும் மாடிப்படிகளைப் பாழாக்கியும் திரிந்தார்கள். அவர்களைக் கட்டி மேய்க்க யாராவது வேண்டும் என்பதே கட்டடக்காரர்களின் எண்ணம். அம்மையாரோ, குறையுள்ள குழந்தைகளுக்காகச் செய்த அதே சாதனங்களை அங்கே கொண்டுபோனார். மர எழுத்துக்குப் பதில், விலை குறைந்த உப்புத்தாளில் வெட்டிய எழுத்து வந்தது. நாலைந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். செய்தி உலகமெங்கும் பரவியது.

அடையாற்றில் அம்மையார்

தாய்நாட்டில் முசோலினி முதலில் ஆதரித்தாலும் பிறகு மோதல் வந்து, 1934-ல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1939-ல் பிரம்மஞான சங்கத்தின் அழைப்பை ஏற்று, மகனோடு சென்னை அடையாறு வந்து சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே, இருவரும் பகைநாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். மாரியோவை நமது மகாராஷ்டிரத்தில், அன்று அகமதுநகர் எனப்பட்ட ஊரில் காவலில் வைத்தார்கள். அம்மையாரின் 70-வது பிறந்தநாளுக்கு அரசாங்கம் மகனை விடுதலை செய்து அனுப்பியது. கோடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய அவர், 1952 மே 6-ஆம் தேதி ஹாலந்து நாட்டில் காலமானார்.

நமக்கு எது பாடம்?

வளர்ச்சிக் குறைபாடு எல்லாவற்றையும் பயிற்சி நீக்கிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். அம்மையாரின் காலத்துக்குப் பிறகு விஞ்ஞானம் பல காரணங்களைக் கண்டுபிடித்திருக்கிறது. ஆனாலும் ஆராய்ச்சி எவ்வளவு வளர்ந்தாலும், பிள்ளையின் கைக்கு ஒரு வேலையும் அருகில் பொறுமையுள்ள ஓர் ஆளும் வேண்டும் என்பது மாறவில்லை.

விருந்தாளி வந்தால் அப்படிப்பட்ட பிள்ளையை உள் அறையில் வைத்துக் கதவைச் சாத்துகிற வீடுகள் நம்மவர் குடியிருப்புகளிலும் உண்டு. பேச்சும் நடையும் தாமதமானால் கண்திருஷ்டி என்று காலம் கடத்தாமல், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ சேர்க்கலாம். மாண்டிசோரி பெயர்ப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வெறும் அறையும் ரொட்டித் துணுக்குகளும் நம் நினைவுக்கு வரட்டும். சாத்திய கதவுகளைத் திறப்பதே அம்மையாருக்கு நாம் செய்யும் மரியாதை.